கோட்டையிற் புறப்பட்டோர்: ஒரு படைப்பிரிவும் அதன் நூதனசாலையும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவிலே நிற்கும் கோட்டையை அறியாதார் நம் பகுதியில் இலர். 1628 இல் போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் நெடுங்காலம் அதனுள்ளே கச்சேரி இயங்கியது. 1961 இல் அம்பாறை தனிமாவட்டமாகும் வரை கல்முனையாரும் சாய்ந்தமருதாரும் காணி அலுவல்களுக்கு அங்கேயே சென்றனர். ஆதலால் எம் மூத்தோர் நினைவில் அக்கோட்டை உறுதியும் முத்திரையும் தரும் இடமே, போர்க்களமன்று. எனினும், 1804 இல் அங்கிருந்து புறப்பட்ட ஒரு படையின் கதை ஈண்டு நினைக்கத்தக்கது.

அதற்கு முந்திய ஆண்டில் கண்டியைப் பிடித்த ஆங்கிலப்படை, 1803 ஜூன் 24 இல் சரணடைந்து பெரும்பாலும் அழிந்தது. தளபதி மேஜர் டேவி சிறைப்பட்டுக் கண்டியிலேயே இறந்தார். இத்தோல்விக்குப் பழிதீர்க்கத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பல திசைகளிலிருந்து படைகளை ஏவ எண்ணினார். மட்டக்களப்புக் கோட்டைத் தளபதியாயிருந்த ஆர்தர் ஜோன்ஸ்டனுக்கும் ஆணை சென்றது. பின்னர் நோர்த் திட்டத்தை மாற்றினார். ஆனால் மாற்றத்தை அறிவித்த கடிதமோ இருபொருள்படும் வண்ணம் எழுதப்பட்டிருந்தது. ஜோன்ஸ்டன் அதனைப் புறப்படுவதற்கான கட்டளையென்றே கொண்டார். ஒரு கடிதத்தின் தெளிவின்மைக்கு எத்தனை உயிர்கள் விலையாயின!

செப்டெம்பர் மாதத்திற் சுமார் 300 போர்வீரருடன் அவர் காடுகளினூடே மேற்கு நோக்கி நடந்தார். படையில் ஆங்கிலேயரின் 19ஆம் படைப்பிரிவினரும் மலாய் வீரரும் சிப்பாய்களும் இருந்தனர். ஒக்டோபர் முற்பகுதியிற் கண்டியை அடைந்தபோது, வந்திருக்கவேண்டிய பிற படைகளில் ஒன்றும் அங்கில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வீரர் வழியெங்கும் தாக்க, காயமுற்றோரும் நோயுற்றோருமாக அப்படை திருகோணமலைக்குப் பின்வாங்கிற்று. 1810 இல் ஜோன்ஸ்டன் இதனை ஒரு நூலாக வெளியிட்டார். நிலத்தையும் மழையையும் நோயையும் கூர்ந்து நோக்கி எழுதிய நூல் அது. ஆயினும், அப்படையின் அரிசியையும் வெடிமருந்தையும் சுமந்த சுமைகாவிகள் வரலாற்றிற் பெயரற்றவராகவே நிற்கின்றனர்.

அந்த 19ஆம் படைப்பிரிவு 1688 இல் தோன்றியது. 1796 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தது. பிற்காலத்திற் 'கிரீன் ஹவார்ட்ஸ்' எனப் பெயர்பெற்று, 2006 இல் யோர்க்ஷயர் படைப்பிரிவினுள் இணைக்கப்பட்டது. படைப்பிரிவு தன் தனிப்பெயரை இழந்தது, நூதனசாலையோ இழக்கவில்லை. இங்கிலாந்தின் றிச்மண்ட் என்னும் சிறு நகரில், சந்தைச் சதுக்கத்தின் நடுவே, பன்னிரண்டாம் நூற்றாண்டிற் தோன்றிய திரித்துவத் தேவாலயக் கட்டடத்தில், 1973 முதல் அது இயங்கிவருகின்றது. அறநிலையமொன்றின் பொறுப்பில், ஊர்த் தொண்டர்கள் பலரின் உழைப்பும் சேர, சீருடைகளும் பதக்கங்களும் பேணப்படுகின்றன. எம் நாட்டைக் கைப்பற்ற வந்த படைக்கு நூதனசாலையா என்று வெகுண்டெழுதல் எளிது. எனக்கு வெகுளியிலும் பொறாமையே மிகுதி.

மலாய் வீரர் நிலை வேறு. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்து, பின் ஆங்கிலேயர் சேவையிற் புகுந்தவர்கள் அவர்கள். கண்டியரசனிடத்தும் மலாய்ப்படை இருந்தது. 1803 இற் கண்டித்தரப்பிற் போரிட்டு மாண்ட சங்குங்லோவும், ஆங்கிலத்தரப்பிற் பணியாற்றி, அரசனின் சேவையை ஏற்க மறுத்துக் கொல்லப்பட்ட நூருதீனும் உடன்பிறந்தோர். எந்தக் கண்ணாடிப் பேழைக்குள் இவ்விருவரையும் ஒருங்கே வைப்பது?

இலங்கை றைபிள் படைப்பிரிவு 1873 இற் கலைக்கப்பட்டது. அதற்குத் தேவாலயமும் இல்லை, தொண்டர் சபையும் இல்லை. கொம்பனித்தெருவில் மலே வீதி, றைபிள் வீதி என்னும் பெயர்களும் வேகந்தைப் பள்ளிவாசலும் எஞ்சின. ஆனால் வீரர்கள் ஏட்டையும் எழுத்தையும் விடவில்லை. அரபெழுத்தில் மலாய்மொழியை எழுதிக் கதைகளையும் மார்க்க நூல்களையும் படியெடுத்தனர். பாபா யூனுஸ் சல்தீன் 1869 இல் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டார். குடும்பங்களின் பெட்டிகளிற் கிடந்த கையெழுத்துப்படிகளைத் தேடித் திரட்டியவர் பேராதனையிற் கற்பித்த பி. ஏ. ஹுஸைன்மியா. அவரது 'ஒராங் றெஜிமென்' 1990 இல் வெளிவந்தது. 'படைப்பிரிவு மாந்தர்' என்பது அத்தலைப்பின் பொருள். அம்மாந்தரின் நூதனசாலை வீட்டுப் பெட்டிகளே எனலாம்.

இவ்விடத்து எம் ஊரை நினையாதிருக்க இயலவில்லை. 1626 இற் போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் கிழக்கிற் குடியேற்றியதாக வரலாறு கூறும். அன்று தொட்டுக் கண்டிக்கும் இக்கரைக்கும் இடையே உப்பும் கருவாடும் ஏற்றிய தவளமாடுகள் நடந்தன. காத்தான்குடியார் தம் முன்னோர் வாழ்வைக் காட்டப் பூர்வீக நூதனசாலையொன்றை எழுப்பியுள்ளனர். கல்முனைக் கரையிலோ, வீட்டுப் பெட்டிகளிற் பலவற்றை 2004 டிசெம்பர் 26 இற் கடல் கொண்டது. எங்கள் மூத்தம்மாவின் பெட்டியும் அவற்றுள் ஒன்று. அதனுள் இருந்த பழைய உறுதிகளைப்பற்றி அவர் இன்றும் சொல்வார், நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

சென்ற விடுமுறையில் நண்பர் இருவரும் நானும் கடலுக்குத் தொலைவான வயலோர வீடுகளில் எஞ்சியிருப்பவற்றைக் கொப்பியில் எழுதத் தொடங்கினோம். மரைக்கால்கள், வெண்கலப் படிக்கம், நெசவுக் கருவிகள் எனப் பதினேழு பொருள்கள் வரை வந்தோம். பதினெட்டாவது, மாட்டின் கழுத்திற் கட்டும் பழைய மணியொன்று. தவளத்திற்குப் போன மாட்டினுடையது என்றார் வீட்டுக்காரர். எழுதிக்கொண்டிருக்கையிலேயே அவர் பேரன் அதனை எடுத்துத் தன் சைக்கிளிற் கட்டிக்கொண்டு போய்விட்டான்.