ஊமையான ஒலிப்பான்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் முதற்கண் அவற்றின் வண்ணத்தையும் பளபளப்பையுமே கருதுகின்றனர். நாம் 'ஹார்ன்' என வழங்கும் ஒலிப்பான் ஊமையாய்க் கிடப்பினும் அதனைச் சிறு குறையென ஒதுக்கிவிடுகின்றனர். ஒலிப்பான் பிறந்த வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்கார்.

1865ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, சாலையில் செல்லும் நீராவி வண்டிக்கு 60 கெஜம் முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடந்து செல்ல வேண்டுமென விதித்தது. அவருடைய கால்களே வண்டியின் வேகத்தை வரையறுத்தன. 1896இல் வந்த புதிய சட்டம் இலகுரக வண்டிகளை அக்கட்டிலிருந்து விடுவித்தது. ஆயின், வண்டியின் வருகையை உணர்த்த மணியோ வேறு கருவியோ அதில் இருத்தல் வேண்டும் என்றும் அதே சட்டம் பணித்தது. முன்னே நடந்த மனிதரின் இடத்தில் ஒலி வந்து அமர்ந்தது. ஆகவே, ஒலிப்பான் என்பது நடந்து செல்வோருக்கு வண்டியோட்டி செலுத்த வேண்டிய கடனாகப் பிறந்ததேயன்றி, வழிவிடுமாறு அதட்டும் அதிகாரமாகப் பிறந்ததன்று.

தொடக்கத்தில் இரப்பர்க் குமிழைப் பிசைந்து ஊதும் குழல்கள் பயன்பட்டன. 1908இல் அமெரிக்காவில் 'கிளாக்சன்' விற்பனைக்கு வந்தது. மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பார் உருவாக்கிய அக்கருவியில், பற்சக்கரம் சுழன்று உலோகத் தகட்டை அதிரச் செய்யும். செவித்திறன் குறைந்தோருக்கு மின்சாரக் கேட்புக்கருவி செய்தளித்தவரும் அவரே என்பது வியப்பிற்குரியது. முதல் உலகப் போரில் நச்சுப்புகை வருவதைப் படைவீரர்க்கு அறிவிக்கவும் கிளாக்சன் பயன்பட்டது. 1921இல் செருமனியின் பாஷ் நிறுவனம் தன் மின்சார ஒலிப்பானை வெளியிட்டது.

நம் ஜொகூர் மாநிலத்தில், 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் மோட்டார் வண்டிகளில் பெருவிருப்பம் கொண்டவர். 1924 சூன் 28ஆம் நாள் ஜொகூர்ப் பாலம் முறையாகத் திறக்கப்பட்டபின், சிங்கப்பூரிலிருந்து வண்டிகள் படகின் துணையின்றி நேரே கரையேறின. கூலாய், ஆயர் ஈத்தாம், யோங் பெங், லாபிஸ், சிகாமட் எனச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் இரப்பர்த் தோட்டங்கள். விடியுமுன் வெளிறிய இருளில் பால்மரம் வெட்டச் செல்வோர்க்குக் 'காடி' வருவதை முன்னுணர்த்தியது ஒலிதான். நடந்து சென்ற அம்மக்களுள் பலர் நம்மவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பின்னர் வந்தது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் அறிமுகமான இவ்வண்டி, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்குமுன் 16 இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. மலாயாவில் ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் விரும்பிய வண்டி அது. அதனைப் போன்ற அக்காலப் பிரித்தானிய வண்டிகளின் ஒலிப்பான் ஊமையாகும்போது, புதிதொன்று வாங்க விரைதல் வேண்டா. முதலில் அதன் மின்வழியை அறிதல் வேண்டும்.

பல வண்டிகளில் மின்சாரம் ஃபியூஸ் வழியாக ஒலிப்பானை அடைந்து காத்திருக்கிறது. ஓட்டுநர் அழுத்தும் பொத்தான், மறுமுனையை வண்டியின் இரும்புடலோடு இணைத்து மின்சுற்றை நிறைவு செய்கிறது. ஒலிப்பானுக்குள் மின்காந்தம் எஃகுத் தகட்டை இழுக்கும், இழுத்த கணமே தொடுமுனைகள் பிரியும், தகடு மீளும், முனைகள் மீண்டும் கூடும். நொடிக்குப் பலநூறு முறை நிகழும் இவ்வதிர்வே ஓசை.

இதனை உணர்ந்தால் ஆய்வு எளிதாகும். முதலில் ஃபியூசையும் அதன் பிடிகளில் படிந்த பச்சைக் களிம்பையும் நோக்குக. அடுத்து, ஒலிப்பானைக் கழற்றி, ஃபியூஸ் பொருத்திய கம்பியால் மின்கலத்தோடு நேரே இணைத்துப் பார்க்க. ஒலித்தால் குறை வழியில் உள்ளது. ஈரக்காற்று மிகுந்த நம் மாநிலத்தில் இரும்புடலோடு சேரும் இடத்துத் துருவே பெரும்பாலும் காரணமாகும். 'டிக்' என்னும் ஓசை மட்டும் எழுந்தால், தொடுமுனைகள் தேய்ந்தோ திருகு நிலை மாறியோ இருக்கலாம். பொத்தானை அழுத்தாமலே ஓயாது அலறினால், பொத்தானுக்குச் செல்லும் கம்பி உறை கிழிந்து இரும்பைத் தொடுகிறது எனக் கொள்க. ஊமைத்தனமும் ஓயாத அலறலும் ஒரே இணைப்பின் இருவகைக் குறைகளாதலைக் காண்க.

இவ்வறிவைப் பட்டறைகளில் நம் இளைஞர் பலர் கைப்பழக்கத்தால் பெற்றனர். ஏட்டில் எழுதி வைத்தோர் மிகச் சிலரே. மின்காந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர், பழைய ஒலிப்பான் ஒன்றைப் பிரித்துக் காட்டினால் மாணவர்க்கு அறிவியலும் வரலாறும் ஒருங்கே விளங்கும். பட்டறைக் கைவினைஞரையும் வகுப்பிற்கு அழைத்துப் பேசச் செய்தல் நன்று. பழைய வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர விழைவோர், வண்ணம் தீட்டுமுன் அதன் குரலைச் சீர்செய்க. நடந்து செல்வோர்க்கு 1896 முதல் நாம் செலுத்திவரும் கடன் அது.