வள்ளல் அழகப்பரும் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடமும்

மலர்க் குழுவினர் 'கல்லூரி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதுங்க' என்று கேட்டார்கள். ஹாஸ்டல் கதைகளை மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டலாம் என்று நினைத்தேன்.

மில், ரப்பர் என்று பல தொழில் செய்தவர் நம் வள்ளல் அழகப்ப செட்டியார். 1947இல் சென்னையில் ஒரு கூட்டம். வெளியூர்களிலும் கல்லூரிகள் வர செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். வள்ளல் அங்கேயே எழுந்து ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் காரைக்குடியில் கல்லூரி வந்துவிட்டது! 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான்.

பலருக்கும் தெரியாத கதை ஒன்று உண்டு. 1950இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிலையத்தையும் வள்ளல் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்ற தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். 1955இல் அவர் மறைந்தார், அடுத்து சி.டி. ராஜகோபால் பொறுப்பேற்றார். இதற்குள் வள்ளலின் உடல்நிலையும் பணநிலையும் தளர்ந்துபோயின. 1957 ஏப்ரல் 5 அன்று, 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், வள்ளலும் காலமானார். நிலையத்துக்குப் பூட்டுப் போட வேண்டிய நிலை. அமெரிக்காவில் இருந்த வானியல் மேதை எஸ். சந்திரசேகர் நேருவுக்கு எழுதினார். நேருவும் அக்கறை காட்டினார். அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் நிலையத்தை ஏற்றுக்கொண்டது. இன்றும் ராமானுஜன் உயர்கணித ஆய்வு நிலையம் என்ற பெயரில் அது அங்கே நடக்கிறது.

இதில் எனக்குப் பட்டது இதுதான். ஒரு நல்ல மனிதர் கொடுக்கலாம். ஆனால் அந்த ஒருவரையே நம்பி நிற்கும் நிறுவனம், அவர் சாய்ந்தால் தானும் சாயும்.

இப்போது கொடுப்பதற்குச் சட்டமே வந்துவிட்டது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் வரம்புக்குள் வரும் பெரிய கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது.

பணம் வருகிறது, சரி. வந்து என்ன ஆகிறது? சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஒரு கம்பெனி கொடுத்த மைக்ராஸ்கோப்புகள் பீரோவில் உறை பிரிக்காமல் இருந்தன. பீரோ மேலே கம்பெனி பெயர் பெரிசாக எழுதியிருந்தது. "சாமான் இருக்கு சார், சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை" என்றார் தலைமை ஆசிரியை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வள்ளல் இதை அன்றே புரிந்து வைத்திருந்தார் போலும். கல்லூரி கட்டி மூன்று வருஷத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் கட்டினாரே! அங்கே பயின்ற ஒவ்வொரு கணக்கு வாத்தியாரும் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் நடத்தியிருப்பார். அது பீரோவில் பூட்டி வைக்க முடியாத தானம்.

நம்மில் பலர் இன்று கம்பெனிகளில் நல்ல பதவியில் இருக்கிறார்கள். சிலர் ஓய்வு பெற்ற பேராசிரியர்கள். முதல் வகையினர் தங்கள் கம்பெனியை உள்ளூர்ப் பள்ளிப் பக்கம் திருப்பட்டும். ஒரு வருஷத்துக்கு அல்ல, ஐந்து வருஷத்துக்காவது உறுதி வாங்கட்டும். இரண்டாம் வகையினர் மாதம் இரண்டு சனிக்கிழமை அந்தப் பள்ளியின் ஆய்வகத்தில் போய் நிற்கட்டும். அடுத்த சந்திப்பு மலரில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாராவது எழுதினால், வள்ளலுக்கு நாம் பட்ட கடனில் வட்டியாவது கட்டியதாக ஆகும்.

நண்பர்களே, யோசியுங்கள். மதிய உணவு இடைவேளையில் என்னைப் பிடியுங்கள், பேசுவோம்!