மட்டக்களப்பில் மிஷனரிமாரும் உள்ளூர்த் துணைவரும்

மட்டக்களப்பு நாட்டை வாவி இரு கூறாக வகுக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. வாவியின் நடுவே புளியந்தீவு. போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இன்றும் அங்கே நிற்கின்றது. அவ்விரு சாராரின் காலத்திலும் கிறித்தவம் ஆட்சியின் துணையோடு வந்தது. ஆங்கிலர் ஆண்ட 1814 இல், அரச பதவி யாதுமின்றி, வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த ஒருவர் இங்கு வந்தார். அவரே வில்லியம் ஓல்ட் என்பார்.

தோமஸ் கோக் என்னும் முதியவர் தலைமையில் 1813 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தினின்றும் புறப்பட்ட குழுவில் ஓல்ட் ஒருவர். வழியிலே அவர்தம் மனைவியார் இறந்தார். 1814 மே 3 இல் கோக்கும் கடலிலேயே காலமானார். எஞ்சியோர் யூன் 29 இல் காலித் துறையை அடைந்தனர். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் செல்ல, ஓல்ட் தனியராய் மட்டக்களப்புக்கு வந்தார். ஏறக்குறைய எட்டுத் திங்களே அவர் இங்கு வாழ்ந்தார். 1815 ஏப்ரில் 1 இல் உயிர் நீத்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை அவர் நிறுவிய பாடசாலையிலிருந்தே கணக்கிடுகின்றது.

எட்டுத் திங்களில் ஒரு மொழியைக் கற்றுத் தேர்தல் எவர்க்கும் அரிது. ஆகவே அவர் கூற்றைத் தமிழிற் கூறியவரும், பிள்ளைகட்கு எழுத்தறிவித்தவரும், ஊராரிடம் அவரை அழைத்துச் சென்றவரும் இந்நாட்டவரேயாதல் வேண்டும். ஓல்டின் மறைவோடு பணி மறையாமைக்கும் காரணம் இதுவே. பின்வந்த மிஷனரிமார் இடமாற்றம் பெற்றுச் சென்றனர்; சிலர் நோயுற்று மீண்டனர். உபதேசியாரும் ஆசிரியரும் ஊரிலேயே இருந்தனர். உறவினரின் வெறுப்பைத் தாங்கியவரும் அவரே.

மொழிக்கடனின் பெருமையை மற்றொரு வரலாறு காட்டும். றால்ப் ஸ்டொட் என்பவர் மட்டக்களப்பிலே தொண்டாற்றித் தமிழ் வல்லவரானவர். படுவான்கரைக்கு அப்பாலுள்ள காடுகளில் வாழ்ந்த வேடரிடையும் உழைத்தவர். 1860 நவம்பர் 16 இல் சென்னையிலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலியாளர் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் இறங்கினர். கரும்புத் தோட்டங்களில் அவர்தம் மொழியறிந்த பாதிரியார் ஒருவர் தேவைப்பட்டார். 1862 இல் அங்குச் சென்றவர் ஸ்டொட்டே. ஈழத்துத் தமிழர் அவருக்குக் கற்பித்த மொழி, கடல் கடந்த தமிழர்க்கு அவர் வாயிலாகச் சென்று பயன்பட்டது. கற்பிக்க வந்தவர் முதலிற் கற்றவராயினமையாலன்றோ இது கைகூடிற்று?

மதமாற்றமே மிஷன் பாடசாலைகளின் நோக்கம் என்பதை மறைத்தல் வரலாறாகாது. சைவ மக்கள் அஞ்சியதும் இயல்பே. ஆயினும் விதைத்தவன் எண்ணியதே விளையும் என்பது கல்வியிற் பொருந்தாது. காரைதீவிலே 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும், கத்தோலிக்கரின் அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர்; பின்னதில் ஆசிரியராயும் இருந்தவர். தம் சமயத்தை அவர் விட்டாரல்லர். அங்குப் பெற்ற கல்வியை இகழ்ந்தாருமல்லர். அவ்வறிவைக் கொண்டே 1929 இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

ஓல்டுக்கு வாவிக்கரையிலே சிலை உண்டு. அவர் சொல்லைத் தமிழாக்கியவர்க்கோ சிலையில்லை. பெயர்தானும் நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றது. பிறநாட்டாரின் கடிதங்களை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு ஒரு கரையை மட்டும் காட்டும் படமாகும். பழைய திருச்சபைப் பதிவேடுகளிலும், பாடசாலை இடாப்புகளிலும், கல்லறை எழுத்துக்களிலும், குடும்பங்களின் நினைவிலும் மறுகரை கிடக்கின்றது. அதனைத் தேடி எழுதுதல் எச்சமயத்தாராயினும் இந்நாட்டு மாணவர்தம் கடன்.