முன்னூறு பேரீச்சங்கன்றுகள்

துயரத்தைப் பிறரிடம் சொல்வது மானக்கேடு என்று எண்ணி, கடனையும் நோயையும் வீட்டுக்குள்ளேயே மறைத்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வட்டிக்கடன் கழுத்தை நெரித்த பிறகே உடன்பிறந்தாருக்குக்கூடச் செய்தி எட்டுகிறது. இத்தகைய குடும்பத்தார் ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) அவர்கள் விடுதலை பெற்ற வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

பாரசீகத்தின் இஸ்ஃபஹான் பகுதியில் பிறந்த ஸல்மான் (ரலி) அவர்கள், சத்தியத்தைத் தேடி வீட்டைத் துறந்தார்கள். ஷாம், மோசூல், நஸீபீன், அம்மூரிய்யா எனப் பல ஊர்களில் கிறிஸ்தவத் துறவிகளிடம் பயின்றார்கள். நல்லாசிரியர் ஒருவர் மரணத் தறுவாயை அடையும்போதெல்லாம், இனி யாரிடம் செல்வது என்று அவரிடமே வழி கேட்டார்கள். பின்னர் அரபு நாட்டுக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்த வணிகர்கள் அவர்களை அடிமையாக விற்றுவிட்டனர். மதீனாவில் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் அத்தளை நீங்கவில்லை. அதனால் பத்ரிலும் உஹதிலும் அவர்களால் கலந்துகொள்ள இயலவில்லை.

எஜமானிடம் விடுதலை ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஆலோசனை கூறினார்கள். எஜமான் விதித்த விலை, 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுத் தருவதும் 40 ஊக்கியா தங்கமும் ஆகும். கையில் ஏதுமற்ற அடிமைக்கு அது எட்டாத விலை. அப்போது, சகோதரருக்கு உதவுமாறு நபி (ஸல்) அவர்களே தோழர்களிடம் கேட்டார்கள். ஒருவர் 30 கன்றுகள் கொணர்ந்தார், மற்றொருவர் 20, வேறொருவர் 15, இன்னொருவர் 10. இவ்வாறு அவரவர் சக்திக்கேற்ப அளித்ததில் 300 கன்றுகளும் சேர்ந்தன. குழி தோண்டவும் தோழர்கள் துணை நின்றார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தால் கன்றுகளை நட்டார்கள், ஒன்றேனும் பட்டுப்போகவில்லை. பின்பு சுரங்கமொன்றிலிருந்து கோழிமுட்டை அளவு தங்கம் வந்தபோது, ஸல்மான் (ரலி) அவர்களை வரவழைத்து அதனை வழங்கினார்கள். எஞ்சிய தொகையும் தீர்ந்தது.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படை மதீனாவை நோக்கித் திரண்டு வந்தது. நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அகழி வெட்டும் பாரசீக முறையை எடுத்துரைத்தவர்கள் ஸல்மான் (ரலி) அவர்களே. அவர்களுக்காகக் குழி தோண்டிய சமூகம், அவர்களுடைய யோசனையால் அகழி தோண்டித் தன்னைக் காத்துக்கொண்டது. உதவி பெற்றவர் என்பதால் அவர்களுடைய மதிப்பு சிறிதும் குறையவில்லை.

யாசகத்தை மார்க்கம் கண்டிக்கிறதே என்று சிலர் வினவலாம். உண்மைதான். தேவையின்றிப் பொருள் சேர்க்கக் கையேந்துவதே கண்டிக்கப்பட்டது. பிறரது பொறுப்பைச் சுமந்து கடன்பட்டவர், பேரிழப்பால் செல்வம் அழிந்தவர், உண்மையான வறுமைக்கு ஆளானவர் ஆகியோர் கேட்பதை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். ஜகாத் பெறத் தகுதியுடையோரில் கடன்பட்டோரையும் திருக்குர்ஆன் சேர்த்துள்ளது. ஜகாத் அவர்களுக்குரிய பங்கே அன்றிப் பிச்சையன்று.

ஆகவே, சிக்கலில் இருப்பவர் நம்பத்தகுந்த ஒருவரிடமேனும் காலத்தே வாய்திறக்க வேண்டும். கேட்கப்படுபவரோ அந்த இரகசியத்தைப் பேண வேண்டும். தம்மிடம் பத்துக் கன்றுகளே உள்ளன என்று தயங்கவும் கூடாது. பத்துக் கன்றுகள் கொணர்ந்தவரின் பங்கும் சேர்ந்தே முன்னூறு ஆயிற்று.

கேட்கும் துணிவையும் கொடுக்கும் மனத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.