வம்சாவளிகளைத் திரட்டியவரின் பிறப்புப் பதிவு எங்கே?

கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ் மாணவர் சிலர் தம் குடும்ப வரலாற்றை எழுத முனைந்துள்ளனர். அவர்களிடமிருந்து வரும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: பாட்டனாரின் பிறப்புச் சான்று கிடைக்கவில்லை, இனி எங்கே தேடுவது? இதற்கு விதிகளாக விடை கூறுவதைவிட, நம் துறையினர் அனைவரும் அறிந்த ஒருவரின் பிறப்பையும் பெற்றோரையும் ஆவணங்களின் வழியே தேடிக் காட்டுவது பயன் தரும். அவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, தமிழகத்தின் சுவடிகளோடு பெயர் பிணைந்துபோன காலின் மெக்கன்சி.

மெக்கன்சி 1783 செப்டம்பரில் சென்னையில் வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பொறியாளராக உயர்ந்து, மைசூர் நிலஅளவையை நடத்தி, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நிலஅளவையாளர் ஆனார். 1821 மே 8 அன்று கல்கத்தாவில் மறைந்தார். இடைப்பட்ட 38 ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. காவலி வெங்கட போரையா, லட்சுமையா முதலிய உதவியாளர்களின் உழைப்பால் அவர் திரட்டிய தொகுப்பை எச். எச். வில்சன் 1828இல் பட்டியலிட்டபோது 1,568 சுவடிகளும் 8,076 கல்வெட்டுப் படிகளும் கணக்கில் வந்தன. அத்தொகுப்பின் பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. பாளையக்காரர் வம்சாவளிகளும் ஊர்க் கைபீதுகளும் அதில் நிறைந்துள்ளன. யாருக்கு யார் மகன், எந்தத் தலைமுறையில் எந்த ஊர் வந்தது என்று தென்னாடு முழுவதும் கேட்டு எழுதுவித்தவர் அவர். அவருடைய சொந்தப் பிறப்புக்கோ நேரடிப் பதிவு இல்லை.

அவர் பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே என்னும் துறைமுகம். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை அரசு கட்டாயமாக்கியது 1855 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முற்பட்ட காலத்துக்கு ஒவ்வொரு வட்டாரத் திருச்சபையும் வைத்திருந்த பழைய பதிவேடுகளே ஆதாரம். அவற்றுள் மிகப் பழையது எரோல் என்னும் ஊரினது. அது 1553இல் தொடங்குகிறது. எல்லா ஊருக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. மேட்டுநிலப் பகுதிகளிலும் தீவுகளிலும் பதிவேடுகள் மிகப் பிந்தியே தொடங்குகின்றன. ஸ்டோர்னோவேயில் எஞ்சியிருக்கும் திருமுழுக்குப் பதிவுகள் 1760களைச் சேர்ந்தவை. மெக்கன்சி பிறந்ததோ 1750களின் முற்பகுதியில். முதல் வாயில் இங்கேயே அடைபடுகிறது.

இரண்டாவது வாயில் கம்பெனியின் ஆவணங்கள். படையில் சேர விரும்பும் இளைஞர் தம் விண்ணப்பத்துடன் திருமுழுக்குச் சான்றின் படியை இணைப்பது வழக்கமாயிற்று. ஊர்ப் பதிவேடு அழிந்தபோதும், லண்டனுக்கு அனுப்பப்பட்ட இப்படியால் பலருடைய பிறப்பு நமக்குத் தெரியவந்துள்ளது. ஆனால் எஞ்சியுள்ள கேடட் விண்ணப்பத் தொகுப்பு 1789இல்தான் தொடங்குகிறது. மெக்கன்சி அதற்கு ஆறாண்டு முன்னரே கப்பலேறிவிட்டார். ஊர்ப் பதிவேட்டுக்கு முன்னே பிறந்து, கம்பெனித் தொகுப்புக்கு முன்னே பணியில் சேர்ந்ததால் இரு வலைகளிலிருந்தும் அவர் நழுவுகிறார்.

ஆகவேதான் அவர் பிறந்த ஆண்டு சில நூல்களில் 1753 என்றும் பலவற்றில் 1754 என்றும் காணப்படுகிறது. இத்தகைய இரட்டை ஆண்டைக் கண்டால் மாணவர்கள் ஒன்றைச் சரியென்றும் மற்றதைத் தவறென்றும் உடனே முடிவு கட்டிவிடுவர். அது வேண்டியதில்லை. பிறந்த நாள் எழுதப்படாத ஒருவருக்கு நாம் ஆண்டு குறிப்பது பெரும்பாலும் வயதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான். 1821 மே 8 அன்று ஒருவர் 67 வயதில் இறந்தார் என்று ஒரு குறிப்பு கூறுவதாகக் கொள்வோம். அவர் 1753 மே 9 முதல் 1754 மே 8 வரை எந்நாளிலும் பிறந்திருக்கலாம். வயது என்பது ஓராண்டு நீளமுள்ள ஓர் இடைவெளி. அதை ஒற்றை ஆண்டாகச் சுருக்கும்போதே பிழை நுழைகிறது. ‘1753/54’ என்று எழுதுவதே நேர்மையான முறை.

இனி பெற்றோர். தந்தை மர்டோக் மெக்கன்சி, ஸ்டோர்னோவேயில் வணிகர், அவ்வூரின் முதல் அஞ்சலதிகாரி. தாய் பார்பரா. இங்கே பதிவேட்டின் இன்மையைவிடப் பெரிய இடர் பெயர்களின் மிகுதி. லூயிஸ் தீவு நெடுங்காலம் மெக்கன்சி குலத்துத் தலைவர்களான சீஃபோர்த் பிரபுக்களின் உடைமை. தீவில் மெக்கன்சி என்னும் குடிப்பெயரும், மர்டோக், காலின், கென்னத் முதலிய இடுபெயர்களும் எங்கும் பரவியிருந்தன. நாளும் ஒருவரை ஒருவர் அழைக்கவே பட்டப்பெயர் தேவைப்பட்டது. நம் மர்டோக் ‘கார்ன்’ மர்டோக் எனப்பட்டார். கேலிக் மொழியில் கார்ன் என்றால் கற்குவியல். ஒரே தெருவில் நான்கு சுப்பையாக்கள் இருந்தால் வீட்டுப்பெயரோ பட்டப்பெயரோ சேர்த்து அழைக்கும் நெல்லை வழக்கத்தை இங்கு நினைவுகூரலாம்.

இந்தப் பெயர்மிகுதி எத்தகைய பொறியை வைக்கிறது என்பதற்கு ஒரு சான்று. 1750இல் ஆர்க்னி, லூயிஸ் தீவுகளின் கடல்வரைபடத் தொகுதியை வெளியிட்டவர் பெயரும் மர்டோக் மெக்கன்சியே. லூயிஸ் தீவை அளந்த ஒரு மர்டோக் மெக்கன்சி. சில ஆண்டுகளில் அதே தீவில் ஒரு மர்டோக் மெக்கன்சிக்குப் பிறந்து, பின்னாளில் இந்தியாவையே அளந்த மகன். இரண்டையும் இணைத்துத் ‘தந்தையின் தொழில் மகனுக்கு வந்தது’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் அவர் ஆர்க்னியைச் சேர்ந்த வேறொருவர். மகன் பக்கத்திலும் இதே இடர் உண்டு: சென்னைப் படையில் பணியாற்றி ஆப்கானியப் போரில் பெயர்பெற்ற காலின் மெக்கன்சி 1806இல் லண்டனில் பிறந்தவர். பெயர் ஒத்தால் போதாது. ஊர், தொழில், காலம் மூன்றும் ஒத்தாக வேண்டும்.

நேரடிப் பதிவு இல்லாதபோது உறவுகளும் புரவலர்களும் சான்றாகின்றனர். இந்தியா வருமுன் மெக்கன்சி ஸ்டோர்னோவேச் சுங்கத்துறையில் பணியாற்றியதும், சீஃபோர்த் பிரபுவின் ஆதரவைப் பெற்றதும், துறைமுக வணிகர் குடும்பத்துப் பிள்ளை என்னும் செய்தியோடு பொருந்துகின்றன. நேப்பியர் பிரபுவுக்காகக் கணிதம் தொடர்பான செய்திகளைத் திரட்டினார். அப்பிரபுவின் மகள் ஹெஸ்டர் ஜான்ஸ்டன் மதுரையில் வாழ்ந்தபோது அவருடைய இல்லத்தில்தான் இந்திய அறிஞர்களோடு மெக்கன்சிக்கு முதல் தொடர்பு அமைந்தது. இதை நமக்குச் சொல்வோர் இருவர்: 1817இல் எழுதிய கடிதத்தில் மெக்கன்சி தாமே, பின்னர் ஹெஸ்டரின் மகனும் இலங்கையின் தலைமை நீதிபதியாக விளங்கியவருமான அலெக்சாண்டர் ஜான்ஸ்டன். தன்வரலாற்றுக் கடிதம், அறிந்த குடும்பத்தவரின் சாட்சியம், பணிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனி நோக்கத்துக்காக எழுந்தவை. அவை ஒரே திசையைக் காட்டும்போது கிடைக்கும் உறுதி, பிழைபட எழுதப்பட்ட ஒற்றைத் திருமுழுக்கு வரியால் கிடைக்காது.

நோக்கம் என்ற சொல்லை வலியுறுத்தக் காரணம் உண்டு. பாளையக்காரர் வம்சாவளிகள் வரலாற்று ஆர்வத்தால் மட்டும் எழுந்தவை அல்ல. கம்பெனி ஆட்சி தம் உரிமையை ஏற்குமா என்ற அச்சம் நிலவிய காலத்தில், நிலத்தின் மீதான பழம்பாத்தியதையை நிலைநாட்டவும் அவை எழுதப்பட்டன. முன்னோரின் எண்ணிக்கை நீண்டதும், மன்னர் அளித்த விருதுகள் பெருகியதும் அதனால்தான். திருச்சபைப் பதிவேடும் அவ்வாறே: அது குழந்தை பிறந்ததைக் காட்டிலும் திருமுழுக்குப் பெற்றதையே பதிந்தது, பிற சபையினர் அதில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டது. 1794இல் அது நீக்கப்படும்வரை பதிவைத் தவிர்த்த குடும்பங்களும் உண்டு. யார், எதற்காக, யார் செலவில் எழுதினார் என்று கேளாமல் எந்த ஆவணத்தையும் படிக்க இயலாது.

மும்பைக்குத் திரும்புவோம். இந்தியாவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்புப் பதிவை விருப்பத்துக்கு விட்டது. நாடு முழுமைக்குமான கட்டாயப் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஆகவே நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த பாட்டனாருக்குச் சான்று இல்லாதது வியப்பன்று. கையில் உள்ள சான்றையும் ஆராய வேண்டும். மகாராட்டிரப் பள்ளிப் பதிவேடுகளில் ஜூன் 1 அன்று பிறந்த முதியோர் ஏராளம். கல்வியாண்டு தொடங்கும் மாதத்தை ஒட்டி, சேர்க்கைக்குரிய வயது நிரம்புமாறு எழுதப்பட்ட நாள் அது. பள்ளியில் சேர்ந்த காலத்துக்கு அது நல்ல சான்று, பிறப்புக்கு அன்று.

தேடும் வரிசையையும் மெக்கன்சியின் வழக்கே காட்டுகிறது. இறப்பிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள்: மாநகராட்சியின் இறப்புப் பதிவு, பணி ஆவணம், வாடகைச் சீட்டு, குடும்ப அட்டை, பள்ளிச் சான்று. பிறகு ஊர்ப்பக்கம்: தேவாலயப் பதிவேடு, பத்திரப் பதிவு, கோயில் வரிக்கணக்கு. உடன்பிறந்தாரையும் சேர்த்துத் தேடுங்கள். பாட்டனார் பெயர் இல்லாத இடத்தில் அவருடைய தமக்கையின் திருமணப் பதிவில் தந்தை பெயர் கிடைக்கக்கூடும். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரிடும் வழக்கம் ஸ்காட்லாந்திலும் நம்மிடமும் இருந்தது. அது வழிகாட்டும் குறிப்பு மட்டுமே. அதையே முடிவாகக் கொள்ளலாகாது.

இது ஏட்டுப் பயிற்சியோடு நிற்பதும் அன்று. தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததை மெய்ப்பிப்போருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு என்பது வரையறை. மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பமும் ஒரு தாளுக்காகப் பெட்டியைக் கிளற நேர்கிறது. பதிவு இல்லாமையை வாழ்வு இல்லாமையாகக் கொள்வது வரலாற்று முறைக்கு ஒவ்வாதது. மெக்கன்சி பிறந்ததை ஐயுறுவார் யாருமில்லை. பதிவேடு இல்லாத இடத்தைப் பிற சான்றுகளால் நிரப்பி அவரை ஏற்றுக்கொண்டோம். அதே பொறுமையும் அதே அளவுகோலும் தாராவியின் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் உரியவை. அவர்களுடைய தாள்களை இப்போதே ஒழுங்குபடுத்திப் படியெடுத்து வையுங்கள்.