மும்பை மாநகராட்சித் தலைமைக் கட்டடம்

மும்பையின் சத்ரபதி சிவாஜி தொடருந்து நிலையத்திற்கு எதிரே, இரண்டு சாலைகள் கூர்முனையாகச் சேரும் இடத்தில் மாநகராட்சித் தலைமைக் கட்டடம் நிற்கிறது. நிலையம், மாநகராட்சி இரண்டையும் வடிவமைத்தவர் பிரெடரிக் வில்லியம் சிடீவன்சு. மாநகராட்சிக் கட்டடத்தின் நடுக்கோபுரம் ஏறத்தாழ 235 அடி உயரம் கொண்டது.

இதற்கு 1884 டிசம்பர் 9 அன்று அடிக்கல் நாட்டியவர் ரிப்பன் பிரபு. உள்ளாட்சி அமைப்புகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இடம் தரவேண்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்த அரசப்பிரதிநிதி அவரே. "ரிப்பன் எங்கள் அப்பன்" என்று சென்னை மக்கள் கொண்டாடியதும், 1913இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மாளிகை அவர் பெயரைப் பெற்றதும் இதனால்தான்.

அடிக்கல் நாட்டியும் கட்டட வேலை 1889இல்தான் தொடங்கியது. எந்தப் பாணியில் கட்டுவது என்பதே முடிவாகாமல் இருந்தது. சென்னையில் செனட் மண்டபத்தைக் கட்டிய ராபர்ட் சிசோம் இந்தோ-சாரசனிக் பாணியில் ஒரு வரைபடம் தந்தார். சிடீவன்சு தந்தது கோதிக் வரைபடம், அதுவே ஏற்கப்பட்டது. ஆயினும் கூர்வளைவுச் சாளரங்களுக்கு மேலே சிடீவன்சு அமைத்தவை கீழைநாட்டுக் குவிமாடங்கள். தோற்ற பாணி கூரையில் ஏறிக்கொண்டது எனலாம்.

1893இல் பணி முடிந்தது. ஒதுக்கிய தொகை 11,88,082 ரூபாய். செலவு 11,19,969 ரூபாய். அரசுக் கட்டட வேலையில் 68,113 ரூபாய் மிச்சமானது இன்றும் வியப்பாகப் பேசப்படுகிறது.

வாயிலின் முன் பெரோசுசா மேத்தாவின் சிலை உள்ளது. 1888ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தை உருவாக்குவதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அச்சட்டம் விவாதிக்கும் உரிமையையும் வரவுசெலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் தரும் உரிமையையும் மாமன்றத்திற்குத் தந்தது. செயல்படுத்தும் அதிகாரத்தையோ அரசு அமர்த்தும் ஆணையரிடம் விட்டது. அன்று வாக்குரிமையும் எல்லாருக்கும் இல்லை. போதிய வரி கட்டியவர்களே வாக்காளர்கள்.

நெடுங்காலம் அலுவல் உள்ளவர்கள் மட்டுமே நுழைந்த இக்கட்டடத்தை, 2021 சனவரியில் தொடங்கிய வழிகாட்டிச் சுற்றுலா பொதுமக்களுக்குத் திறந்தது. மரவேலைப்பாடு மிக்க மாமன்றக் கூடம் சுற்றுலாவின் சிறப்புப் பகுதி. 2022 மார்ச்சில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போக, ஆணையரே நிருவாகியாக மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நகரை நடத்தினார். அக்காலத்தில் அக்கூடத்தில் கூடி விவாதிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை.