குடலின் இரு வாயில்கள்

மதுரையில் பொழுது புலருமுன்பே இட்டிலிக் கடைகளில் ஆவி எழுகிறது. அந்த இட்டிலியைப் பிட்டு வாயிலிடும்போதெல்லாம் எனக்கு ஒரு வினா தோன்றும். உளுந்தின் புரதம் குடற்சுவரைக் கடப்பது எங்ஙனம்?

மாணவ நண்பர்களே! புரதம் என்பது அமினோ அமிலங்களாகிய மணிகள் கோத்த நீண்ட மாலை. அது முழுதும் அறுந்து தனித்தனி மணிகளானால்தான் குடல் ஏற்கும் என்று அறிஞர் நெடுநாள் நம்பினர். 1901-ஆம் ஆண்டில் ஓட்டோ கோன்ஹைம் என்பார், சிறு துணுக்குகளையும் மணிகளாக அறுக்கும் நொதியொன்றைக் குடலில் கண்டார், அந்நம்பிக்கை வேரூன்றிற்று.

1968-ஆம் ஆண்டில் பிரிட்டனில் மாத்யூஸ் குழுவினர் அதனை அசைத்தனர். கிளைசினைத் தனி மணியாகக் கொடுப்பதைவிட, இரண்டு மூன்று மணிகள் சேர்ந்த துணுக்காகக் கொடுத்தால் அது விரைந்து உறிஞ்சப்பட்டது! காரணம் என்ன? மீனாட்சியம்மன் கோவிலில் திருவிழாக் கூட்டம் ஒரே வாயிலில் நெருக்குண்டால் தேங்கும். மற்றொரு வாயிலும் திறந்தால் எளிதில் நுழையுமன்றோ? தனி மணிகளுக்கென வாயில்கள் உண்டு. சிறு துணுக்குகளுக்கு வேறொரு வாயில் உண்டு. நான்கும் அதற்கு மேலும் மணிகள் கொண்ட துணுக்குகளோ, மீண்டும் அறுபட்ட பின்னரே அதில் நுழைய இயலும்.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் 'ஸ்புரூ' என்னும் குடல்நோய் பரவியது. உண்டது உடலில் ஒட்டாமல் மக்கள் மெலிந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் ஆராய்ச்சி தழைத்தது. அங்கே ஏ. என். இராதாகிருஷ்ணன் குழுவினர், இருமணித் துணுக்குகள் பலவற்றைப் பிளக்கும் நொதியைக் குரங்கின் குடலிலிருந்து பிரித்தெடுத்து, 1973-இல் விவரித்தனர். அவருடன் பணியாற்றிய வடிவேல் கணபதி பின்னர் அமெரிக்கா சென்றார். துணுக்குகளை உள்ளே செலுத்தும் விசை, குடற்சுவரையொட்டிய இலேசான அமிலத்தன்மையே என்று லைபாக்குடன் சேர்ந்து 1983-இல் காட்டினார். 1995-இல் அவ்விருவரும் உடனாய்வாளர்களும் மனிதக் குடலின் அவ்வாயிலுக்குரிய மரபணுவையே கண்டறிந்து வெளியிட்டனர்.

இதனால் விளைந்த பயன் யாது? 'ஹார்ட்னப்' என்னும் பிறவிக் குறையுடையோர்க்குச் சில அமினோ அமிலங்களின் தனிவாயில் பழுதுற்றிருக்கும். ஆயினும் துணுக்கு வாயில் திறந்திருப்பதால், அவர்களுக்கும் அவை கிட்டுகின்றன. ஒரு வழி அடைபட்டாலும் உடல் மறுவழி வைத்திருக்கிறது.

வைகைக் கரைச் சிற்றூரில், நோயுற்றவர்க்கு என் பாட்டியார் பயற்றங்கஞ்சி காய்ச்சித் தருவார். வாயில்களை அவர் அறியார். நலமான குடல் பயற்றின் புரதத்தைத் தானே துணுக்காக்கிக்கொள்ளும். அதற்கு விலையுயர்ந்த பொடி வேண்டுவதில்லை. நாள்தோறும் தட்டில் பருப்பு இருக்கவேண்டும், அவ்வளவே.